ஏழு மீட்டருக்கு ஏற்ற சைட்

2012ஆம் ஆண்டு பாலாவுக்கு இருந்த ஒரே கவலை எந்த சைட்டை வாங்குவது என்பதுதான். எனக்கு வேறு கவலை. இரண்டு கவலைகளும் மெல்பேர்ண் புறநகரான டண்டினொங்கில் ஒரே வீட்டில், ஒரே குசினியில் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு இருந்தன.

சைட் என்றால் துப்பாக்கியின் முதுகில் பூட்டிக் குறிபார்க்கிற சின்னக் கண்ணாடி. பாலாவின் துப்பாக்கி ஹொங்கொங்கில் ஒரு நண்பனின் அலுமாரிக்குள் இருந்தது. அது நிஜத் துப்பாக்கியும் இல்லை. ஏர்சாஃப்ட் என்று ஒரு விளையாட்டு. பார்வைக்கு அசல் போலவே இருக்கும் துப்பாக்கிகளால் மிளகளவு பிளாஸ்டிக் குண்டுகளைச் சுட்டு, வளர்ந்த ஆண்கள் யுத்தம் விளையாடுவார்கள். குண்டு பட்டவன் கையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்க் கோக் குடிப்பான். பாலா இதை எனக்கு முதன்முதலில் விளக்கிய அன்று சிரிப்பதா, எழும்பிப் போவதா என்று எனக்குத் தெரியவில்லை.

பாலகிருஷ்ணன் என்ற அந்தப் பாலா கோயம்புத்தூர்ப் பிள்ளை. கம்ப்யூட்டர் வேலை. மெல்பேர்ணுக்கு வருவதற்கு முன் ஹொங்கொங்கில் இரண்டு வருடம் இருந்தான். அங்கேதான் இந்தப் பைத்தியம் பிடித்தது. அவுஸ்திரேலியாவில் அந்தத் துப்பாக்கியை வைத்திருப்பதே குற்றம் என்பதால், வருடத்துக்கு ஒருமுறை லீவு போட்டு விமானம் ஏறிப் போய், ஒரு பழைய தொழிற்சாலைக் கட்டடத்துக்குள் அறை அறையாக ஓடி விளையாடிவிட்டு வருவான். எல்லாம் கிட்டத்துச் சண்டை. ஐந்து மீட்டர், ஏழு மீட்டர், கூடிப்போனால் பத்து.

போன தடவை அவனுக்கு ஒரு மானக்கேடு நடந்துவிட்டது. இரும்புப் பீப்பாய்க்குப் பின்னால் ஒளிந்திருந்து எதிரியின் நெஞ்சில் குறி வைத்துச் சுட்டிருக்கிறான். கண்ணாடிக்குள் எதிரியின் நெஞ்சு தெளிவாகத் தெரிந்ததாம். ஆனால் குண்டெல்லாம் இவன் ஒளிந்திருந்த பீப்பாயின் விளிம்பிலேயே பட்டுச் சடசடவென்று தெறித்ததாம். எதிரி சிரித்துக்கொண்டே வந்து இவனைச் சுட்டுவிட்டுப் போனான். சைட்தான் பிழை என்று பாலா முடிவு கட்டினான். வருகிற டிசம்பருக்குள் நல்ல சைட் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு போவதே அவனுக்கு வாழ்க்கை லட்சியமாகிவிட்டது.

இனி என் கவலை. என் பெயர் இந்திரகுமார். இலங்கையிலிருந்து படகில் வந்தவன். கிறிஸ்மஸ் தீவிலும் பிறகு ஒரு பாலைவனத் தடுப்பு முகாமிலுமாகப் பதினெட்டு மாதம் இருந்துவிட்டு, தற்காலிக விசாவோடு வெளியே வந்து, டண்டினொங்கில் ஒரு பண்டகசாலையில் பெட்டி அடுக்கினேன். அகதி என்று என்னை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். பாதுகாப்புச் சோதனை மட்டும் பாக்கி. அது சரிவந்தால் நிரந்தர விசா, வவுனியாவில் இருக்கும் என் மனுசி ரஞ்சினியையும் மகள் கௌசிகாவையும் கூப்பிடலாம். சரிவராவிட்டால் திரும்பவும் உள்ளே, எத்தனை வருடத்துக்கு என்று ஒருவருக்கும் தெரியாது. அப்படி உள்ளே இருந்தவர்களை எனக்கு நேரில் தெரியும். அவர்களில் ஒருவர் தன் பிள்ளைகளின் பெயர்களை மாற்றி மாற்றிச் சொல்லத் தொடங்கியிருந்தார்.

விசாரணையில் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். எப்போதாவது ஆயுதப் பயிற்சி பெற்றிருக்கிறீரா? நான் இல்லை என்றேன்.

அது பொய். 2009 பெப்ரவரியில், வன்னியில் கஞ்சிக்கு வரிசையில் நின்ற என்னை இயக்கக்காரர்கள் இழுத்துக்கொண்டு போனார்கள். பதினொரு நாள். பன்னிரண்டாம் நாள் ஷெல் விழுந்த புழுதிக்குள் நான் ஓடித் தப்பினேன். ஆளைச் சுட்டாயா என்று கேட்பீர்கள். இல்லை. பதினொரு நாளும், துப்பாக்கி தோளில் உதைக்க உதைக்க, நான் சுட்டது தென்னங்குற்றியை. ஆனாலும் அதை எங்கே போய்ச் சொல்வது? பதினொரு நாள் என்றால் யார் நம்புவார்கள்? ரஞ்சினியிடம்கூட, பங்கர் வெட்டக் கொண்டுபோனார்கள் என்றுதான் சொன்னேன். முகாமில் எங்கள் ஆட்கள் ஒருவருக்கொருவர் கேள்வி கேட்டு, மறுமொழி சொல்லிப் பழகுவோம். கேட்டால் தெரியாது, காட்டினால் பார்த்ததில்லை. கனவிலும் அதையே சொல்லப் பழகியிருந்தோம்.

இப்படிப்பட்டவன் இருக்கிற வீட்டுக்குத்தான் ஓகஸ்ட் மாதம் மூன்று பார்சல்கள் வந்தன.

முதலாவது ஒரு திறந்த சைட். சின்னச் சட்டத்துக்குள் ஒற்றைக் கண்ணாடி, அதில் ஒரு சிவப்புப் புள்ளி. ரெட் டாட் என்றான் பாலா. இரண்டாவது பெட்டி போல இருந்தது, அதற்குள் வட்டமும் நடுவில் புள்ளியும். மூன்றாவது நீளக் குழாய், பார்க்கிறதை நாலு மடங்கு பெரிதாக்கிக் காட்டும். சைட் வைத்திருக்கச் சட்டத்தில் தடையில்லை, தான் எல்லாம் வாசித்துவிட்டதாகப் பாலா சத்தியம் செய்தான். சட்டம் அவனுக்குத்தான். வீட்டு வாசலில் பார்சல் கிடந்தால் நான் பின்கதவால்தான் உள்ளே போவேன். தபால்காரன் இரண்டு தரம் மணி அடித்தால் கக்கூசுக்குள் போய்விடுவேன். மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். எனக்குக் கனம் மடியில் இல்லை, கழுத்தில் தொங்கியது.

துப்பாக்கி இல்லாததால் பாலா, தண்ணீர்க் குழாய் ஒன்றை முழ நீளத்துக்கு வெட்டி, பின்னால் ஒரு பலகைத் துண்டைத் தோளுக்குப் பொருந்துகிற மாதிரிப் பூட்டி, மேலே சைட்டைத் திருகினான். எங்கள் வீட்டு நடை ஏழு மீட்டர் நீளம். அதன் கோடியில் பீட்சாப் பெட்டி மூடியைச் சுவரில் ஒட்டினான். பிறகு ஞாயிற்றுக்கிழமை பட்டப்பகலில் குசினிக் கதவுக்குப் பின்னாலிருந்து பாய்ந்து பாய்ந்து வெளியே வந்து குறிபார்த்தான். ஒவ்வொரு பாய்ச்சலையும் கைபேசியில் நேரம் பிடித்து, கொப்பியில் புள்ளி போட்டான். குழாய் சைட்டுக்குக் குறைந்த புள்ளி, ஏனென்றால் அதற்குள் பீட்சாப் பெட்டியைத் தேடிப் பிடிப்பதற்குள் எதிரி கொழும்புக்குப் போய்ச் சேர்ந்துவிடுவான். பெட்டி சைட் பாரம். ரெட் டாட்டில் புள்ளி பொங்கிப் பரந்து பீட்சாப் பெட்டியையே மறைத்தது.

நான் அறைக்குள் கட்டிலில் இருந்தபடி ரஞ்சினிக்கு எடுக்கிற தொலைபேசி அட்டையைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். கதவு திறந்திருந்தது. அவன் செய்ததெல்லாம் பிழை. ஒரு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நின்றான். புள்ளியின் வெளிச்சத்தை முழு அளவில் வைத்திருந்தான். சைட்டை ஒரு உயரமான கட்டையின் மேல் பூட்டியிருந்தான். பிறகு சோபாவைத் தள்ளி அதற்குப் பின்னால் ஒளிந்து, பீப்பாய்ச் சம்பவத்தைத் திரும்ப நடத்திப் பார்த்து, இப்போதும் கண்ணாடிக்குள் தெளிவாகத்தானே தெரிகிறது என்று எனக்குக் கேட்கும்படி புலம்பினான். ஒரு மணித்தியாலம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். பிழை செய்கிறவனைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது எனக்குப் பிறவியிலேயே வராது. பண்டகசாலையில் ஒருத்தன் பெட்டியைக் கோணலாக வைத்தாலும் போய்த் திருத்துவேன். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

"தம்பி, கண்ணை மூடாதையும்," என்றேன். "ரெண்டு கண்ணும் திறந்திருக்க வேணும். வெளிச்சத்தைக் குறையும். வீட்டுக்குள்ள இவ்வளவு தேவையில்லை."

அவன் செய்து பார்த்தான். புள்ளி சுருங்கிப் பெட்டியின் நடுவில் நின்றது. அவன் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்ததும் என் புத்தி இன்னும் கெட்டது. எழும்பிப் போய் அவன் கையிலிருந்து குழாயை வாங்கினேன்.

"உம்மட கண் பாக்கிறது மேல இருந்து. குண்டு வெளிக்கிடுறது கீழ இருந்து. நாலு விரல் வித்தியாசம். தூரத்தில அது பெரிசாத் தெரியாது, கிட்டத்தில தெரியும். கண் பீப்பாயைத் தாண்டினாலும் குழல் தாண்டேல்லை. அதுதான் விளிம்பில பட்டது. எந்த சைட் வாங்கினாலும் படும். குழலை நாலு விரல் உயத்தும், இல்லாட்டி உயரம் குறைஞ்ச, பதிஞ்ச கட்டையில சைட்டைப் பூட்டும்."

சொல்லிக்கொண்டே சோபாவுக்குப் பின்னால் குந்தி, பலகையைத் தோளில் பதித்து, காட்டினேன். என் கன்னம் தானாகப் போய் அதன் இடத்தில் படிந்தது. மூன்றரை வருடத்துக்குப் பிறகும் கன்னத்துக்கு அந்த இடம் நினைவிருந்தது. பதினொரு நாளில் ஒரு நாள், என் பக்கத்தில் கிடந்தவன் தனக்கு முன்னால் இருந்த மண் அணையையே சுட்டு, மண் தெறித்துக் கண் வீங்கி, அதற்காக அடியும் வாங்கினான். அன்று எனக்குச் சொல்லித் தந்ததை அதே வசனங்களோடு ஒரு கோயம்புத்தூர்ப் பிள்ளைக்கு நான் சொல்லிக்கொண்டிருந்தேன். அது விளங்கியதும் குழாயைத் தோளிலிருந்து இறக்கினேன்.

நிமிர்ந்து பார்த்தேன். பாலா கைபேசியை நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அண்ணா, இதெல்லாம் உங்களுக்கு எப்படிங்கண்ணா தெரியும்?" என்றான்.

படத்தில் பார்த்தது என்றேன். அவன் சிரித்தான். அதற்கு மேல் கேட்கவில்லை. நல்ல பிள்ளை, ஆனால் கேட்டிருந்தால் நல்லது. கேட்காதவன் தானாக ஒரு மறுமொழியைத் தயாரித்துக்கொள்வான் என்பது எனக்கு அப்போது புத்தியில் ஓடவில்லை.

செவ்வாய்க்கிழமை, பண்டகசாலையில் மத்தியானச் சாப்பாட்டு நேரம், கிருபானந்தன் வந்து என் முன்னால் இருந்தான். என்னோடு அதே படகில் வந்தவன், அவனுடைய சோதனையும் முடியவில்லை. ஊர் உலகத்தில் யாருக்கு விசா கிடைத்தது, யாரைத் திரும்ப உள்ளே கொண்டுபோனார்கள் என்று எல்லாம் அவன் விரல்நுனியில் இருக்கும். கைபேசியை மேசையில் வைத்து என் பக்கம் தள்ளினான்.

பேஸ்புக்கில் நான் இருந்தேன். சோபாவுக்குப் பின்னால் குந்தி, இரண்டு கண்ணும் திறந்து, கன்னம் பதித்து. தண்ணீர்க் குழாயின் முன்பகுதி சோபாவால் மறைந்திருந்தது, அதனால் தெரிந்ததெல்லாம் பலகையும் சைட்டும் என் முகமும்தான். கீழே பாலா ஆங்கிலத்தில் எழுதியிருந்தான்: எங்கள் வீட்டு நிபுணர் இந்திரா அண்ணா, இலங்கைக்காரர், உண்மையான யுத்தம் பார்த்தவர், சைட்டைப் பற்றி இவர் சொன்னால் சரி. ஹொங்கொங்கில் அவன் கூட்டாளிகள் அறுபத்துமூன்று பேர் அதற்கு விருப்பம் தெரிவித்திருந்தார்கள்.

"சோதனைக்காரங்கள் முதல் பாக்கிறது இதைத்தான்," என்றான் கிருபானந்தன். "பேஸ்புக்கைத்தான்."

சோற்றுப் பெட்டியை மூடினேன், திரும்பத் திறந்தேன், எதற்கு என்று தெரியவில்லை. மிச்சப் பொழுது நான் அடுக்கிய பெட்டிகள் எல்லாம் கோணல். மேற்பார்வையாளன் வந்து சுகமில்லையா என்று கேட்டான். ஓம் என்றேன். அதுதான் உண்மை. பயமும் காய்ச்சல் போல ஒரு வருத்தம்தான், எனக்கு அது கால் பெருவிரலிலிருந்து ஏறியது.

வீட்டுக்கு வந்து பாலாவைப் பிடித்து ஏசினேன். தூஷணத்தாலும் ஏசினேன். என்ன பிழை செய்தேன் என்று அவனுக்குக் கடைசி வரை விளங்கவில்லை, என் முகத்தைப் பார்த்துத்தான் பயந்தான். அந்த இடத்திலேயே படத்தை அழித்தான். ஆனால் ஏற்கெனவே நாலைந்து பேர் அதை எடுத்துத் தங்கள் பக்கங்களில் போட்டுவிட்டார்கள், அவர்களிடம் கேட்டுப் பார்க்கிறேன் என்று சின்னக் குரலில் சொன்னான். நான் அந்தக் குழாயை ஈர்வாளால் நாலு துண்டாக அறுத்துக் குப்பைத் தொட்டிக்குள் போட்டேன். போட்ட பிறகு, குப்பைக்காரன் பார்த்தால் என்ன நினைப்பான் என்று பயந்து, திரும்ப எடுத்து என் கட்டிலுக்குக் கீழே வைத்தேன்.

ஒன்பது நாள் கழித்து தொலைபேசி வந்தது. குடிவரவு அலுவலகம். சில விவரங்களைச் சரிபார்க்க வேண்டும், வருகிற செவ்வாய் காலை பத்தரைக்கு நகரத்துக்கு வர முடியுமா? முடியும் என்றேன். முடியாது என்று சொல்ல எனக்கு எந்த உரிமை இருக்கிறது?

படத்தைப் பார்த்துவிட்டார்கள். எனக்கு அதில் கடுகளவு சந்தேகமும் இல்லை. கிருபானந்தனுக்கும் இல்லை. அது நான் இல்லை, என்னைப் போல ஒருவன் என்று சொல்லச் சொன்னான். முகம் தெரிகிறதே, பெயரும் கிடக்கிறதே என்றேன். அப்படியென்றால் மண்டை சுகமில்லை என்று சொல்லு என்றான். அவனுடைய யோசனைகள் அவ்வளவுதான். ஐந்து நாளும் நான் நித்திரை கொள்ளவில்லை. தொலைபேசியில் ரஞ்சினி, மகள் பள்ளிக்கூடத்தில் ஆடப்போகிற நடனத்தைப் பற்றிச் சொன்னபோது, சரி சரி என்று வெட்டிவிட்டேன். அவள் ஏதும் நடந்ததா என்று கேட்டாள். வேலைக் களைப்பு என்றேன். திங்கட்கிழமை ஒரு முடிவுக்கு வந்தேன். அவர்கள் கேட்டுப் பிடிபடுவதைவிட நானாகச் சொல்வது மேல். கஞ்சி வரிசை, பதினொரு நாள், தென்னங்குற்றி, பாலாவின் சைட், எல்லாவற்றையும் முதலிலேயே கொட்டிவிடுவது. ரயிலில் நகரம் போகும் வரைக்கும் அதை மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பழகினேன்.

சின்ன அறை. ஒரு மேசை, மூன்று கதிரை, நடுவில் ஒரு தொலைபேசி. அதிகாரி ஒரு வெள்ளைக்காரப் பெண், முப்பது வயது இருக்கும், தடிமன் பிடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். அவள் இலக்கத்தை அழுத்த, ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல் தமிழில் பேசியது. தமிழ்நாட்டுத் தமிழ். பின்னால் எங்கோ பிரஷர் குக்கர் விசில் அடித்தது, வீட்டிலிருந்து வேலை செய்கிறாள் போல. தான் மொழிபெயர்ப்பாளர் என்றும், நான் பேசுவது எல்லாவற்றையும் தான் அப்படியே ஆங்கிலத்தில் சொல்லப்போவதாகவும், ஒன்றையும் கூட்டவோ குறைக்கவோ போவதில்லை என்றும், ஒவ்வொரு வசனமாக நிறுத்தி நிறுத்திப் பேச வேண்டும் என்றும் சொன்னாள். எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் அது மனப்பாடம்.

எதற்காகக் கூப்பிட்டிருக்கிறோம் என்று தெரியுமா என்று அதிகாரி கேட்டதை அந்தக் குரல் எனக்குச் சொன்னது.

தெரியும் என்றேன். அதோடு அணை உடைந்தது. நிறுத்தி நிறுத்திப் பேச வேண்டும் என்பது எனக்கு எங்கே நினைவு! அந்தப் படத்தில் இருப்பது தண்ணீர்க் குழாய், துப்பாக்கி இல்லை, இது பாலாவின் விளையாட்டு, ஆனால் எனக்கு அது எப்படித் தெரியும் என்றால், கஞ்சிக்கு நிற்கும்போது என்னைக் கொண்டுபோனவர்கள், பதினொரு நாள், பயிற்சி தந்தவர்கள், நான் ஒருவரையும் சுடவில்லை, விசாரணையில் இல்லை என்று சொன்னது பொய், பயத்தில் சொன்ன பொய், என்னைத் திரும்ப உள்ளே போடாதேயுங்கள். இரண்டு நிமிடமாவது மூச்சு விடாமல் பேசியிருப்பேன். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்றவனாவது ஒரு வசனத்தோடு நிறுத்தினான்.

அதிகாரிக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. நான் பேசிக்கொண்டிருக்கும்போதே, என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரித் தலையை ஆட்டி, கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் என் பக்கம் திருப்பி வைத்தாள். அது கௌசிகாவின் விவரப் படிவம். மேல் மூலையில் அவளுடைய படம், இரண்டு வயதில் எடுத்தது, பொட்டு வைத்து, அழுவதற்குத் தயாராக. அதன் மேல் ஒரு மஞ்சள் துண்டு ஒட்டியிருந்தது. பேனையால் அந்தப் படத்தைத் தொட்டுக் காட்டி, பிறகு சுவரில் தொங்கிய கலண்டரைக் காட்டினாள். ஐந்து வயதுப் பிள்ளைக்கு இரண்டு வயதுப் படம். புதியது வேண்டும். அவ்வளவுதான் காரியம்.

என் வாய் அப்படியே நின்றுவிட்டது. பாலா போட்ட படத்தை அவர்கள் பார்க்கவேயில்லை. என்னைக் காட்டிக்கொடுக்க அந்த அறையில் ஒருத்தரும் இருக்கவில்லை, என்னைத் தவிர. தொலைபேசியில் இருந்த சின்னச் சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டு, அந்தக் குரல் எப்போது ஆங்கிலத்தில் பேசத் தொடங்கப்போகிறது என்று காத்திருந்தேன்.

அது ஆங்கிலத்தில் அதிகாரியிடம் சுருக்கமாக ஏதோ சொன்னது. அதிகாரி சரி என்றாள். பிறகு அந்தக் குரல் என்னிடம் வந்தது.

"நீங்க நிறுத்தாமப் பேசிட்டீங்க. இவ்வளவு நீளத்துக்கு என்னால மொழிபெயர்க்க முடியாதுங்க. அதை ஆபீசர்கிட்ட சொல்லிட்டேன். மறுபடி முதல்ல இருந்து, ஒவ்வொரு வாக்கியமாச் சொல்லுங்க. நீங்க சொல்றதை நான் அப்படியே சொல்வேன்."

அது அவர்களுடைய தொழில் முறை. முன்பும் இரண்டு தடவை என்னை அப்படி நிறுத்தித் திரும்பச் சொல்ல வைத்திருக்கிறார்கள். அவள் எனக்குச் சலுகை தந்தாளா, தன் வேலையை மட்டும் செய்தாளா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அதிகாரி மூக்கைத் துடைத்துக்கொண்டு காத்திருந்தாள். நேர்மையான ஆளாக இருந்திருந்தால் நான் திரும்பவும் கஞ்சி வரிசையிலிருந்து தொடங்கியிருக்க வேண்டும். ரயிலில் வரும்போது அந்த நேர்மை என்னிடம் நிறைய இருந்தது. மேசையில் கிடந்த பிள்ளையின் முகத்துக்கு முன்னால் அதில் ஒரு துளியும் மிஞ்சவில்லை.

"மகளின்ர படம் பழசு," என்றேன். "புதுப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுறன்."

பின்னால் குக்கர் இன்னொரு விசில் அடித்தது. பிறகு அந்தக் குரல் அதை ஆங்கிலத்தில் சொன்னது, கூட்டாமல் குறைக்காமல். அதிகாரி என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். இரண்டு நிமிடப் பேச்சுக்கு இவ்வளவு சின்ன மறுமொழியா என்று யாருக்கும் தோன்றும். எதையோ கேட்டாள்.

"அவ்வளவுதானான்னு கேக்கறாங்க," என்றது குரல்.

"ஓம். அவ்வளவுதான்."

நவம்பரில் விசா வந்தது. பாலா துள்ளிக் குதித்தான், கேக் வாங்கி வந்தான். டிசம்பரில் அந்தத் திறந்த ரெட் டாட்டையே, பதிந்த கட்டையோடு எடுத்துக்கொண்டு ஹொங்கொங் போய், பீப்பாய்க்கு மேல் நாலு விரல் உயர்த்திச் சுட்டு மூன்று பேரை வெளியே அனுப்பியதாக எனக்குச் செய்தி அனுப்பினான். படம் ஒன்றும் அனுப்பவில்லை. அந்த அளவுக்குப் பயத்தைப் பழகியிருந்தான்.

நான் சந்தோஷப்பட்டேன் என்று எழுத ஆசைதான். ஆனால் பயம் வீடு மாறியதே தவிரப் போகவில்லை. அவுஸ்திரேலியாவில் எங்கோ ஒரு பெண்ணுக்கு என் கதை முழுவதும் தெரியும். அவள் முகம் எனக்குத் தெரியாது, குரல் மட்டும் தெரியும். ரயிலில் தமிழ்நாட்டுத் தமிழ் கேட்டால் பெட்டி மாறினேன். கோயிலில் யாராவது பெண் பக்கத்தில் நின்று தேவாரம் பாடினால் அந்தக் குரலா என்று உற்றுக் கேட்டேன். ஒரு வருடம் வெளியில் அதிகம் பேசாமல் இருந்தேன். என் குரல் அவளுக்கும் தெரியுமே.

2013 டிசம்பரில் ரஞ்சினியும் கௌசிகாவும் வந்து சேர்ந்தார்கள். வந்த இரண்டாம் கிழமை டண்டினொங்கில் தமிழ்க் கடைக்குப் போனோம். மகள் என் விரலைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் கண்ட இனிப்பையெல்லாம் கேட்டாள். ஒன்றே ஒன்று எடு, மிச்சம் பிறகு என்று நான் அவளோடு பேரம் பேசிக்கொண்டிருந்தேன். வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்ற பெண் திரும்பிப் பார்த்தாள். ஐம்பது வயது, மூக்குக்கண்ணாடி, கூடைக்குள் கறிவேப்பிலையும் தயிரும். என்னைப் பார்த்தாள், பிறகு குனிந்து பிள்ளையை நெடுநேரம் பார்த்தாள்.

"பொண்ணு வந்தாச்சுங்களா?" என்றாள்.

அந்தக் குரல். அரிசி மூட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஓம் என்று சொன்னதாக நினைவு, சத்தம் வந்ததா தெரியாது. அவள் தலையை ஆட்டிவிட்டு, தன் சாமான்களை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

யார் அது என்று ரஞ்சினி கேட்டாள். தெரியாது என்று சொல்ல வாய் எடுத்தேன். அத்தனை வருடப் பழக்கம். ஆனால் அந்த நிமிடம் எனக்குச் சொல்லாமல் நிற்கப் பலம் இருக்கவில்லை. மகளை இனிப்புத் தட்டுப் பக்கம் அனுப்பிவிட்டு, அரிசி மூட்டைகளுக்கு நடுவில் வைத்துச் சொன்னேன்.

"ரஞ்சினி, அண்டைக்கு என்னைக் கொண்டுபோனது பங்கர் வெட்ட இல்லை."

அவள் என்னைப் பார்த்தாள். கோபமும் இல்லை, ஆச்சரியமும் இல்லை.

"தெரியும்," என்றாள். "திரும்பி வந்த அண்டைக்கு உங்கட வலப்பக்கத் தோள் நீலம் பாரிச்சுக் கிடந்தது. மண்வெட்டி பிடிச்சவனுக்குத் தோள் அப்பிடிக் கன்றாது. நான்தானே ஒத்தணம் பிடிச்சனான்."

அதை நான் மறந்தே போயிருந்தேன். அவள் ஒத்தணம் பிடித்தபோது நான் அரை நித்திரையில் கிடந்திருக்க வேண்டும்.

"பிறகு ஏன் நீ ஒண்டும் கேக்கேல்லை?"

"கேட்டால் எனக்குத் தெரிஞ்சதாகப் போயிடும்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "கொழும்பில விசா அலுவலகத்தில என்னையும் கதிரையில இருத்தி வைச்சுக் கேட்டவை. உம்மட புருசன் எப்பவாவது ஆயுதம் தூக்கினவரோ எண்டு. மூண்டு தரம் கேட்டவை. மூண்டு தரமும் இல்லை எண்டனான்."

எனக்கு அதைக் கேட்டு ஆறுதல் வந்திருக்க வேண்டும். வந்தது பயம்தான், இந்த முறை அவளுக்காக. நான் ஒருத்தன் தனியாகச் சுமப்பதாக நினைத்துக்கொண்டிருந்த பொய்யை, இன்னொரு நாட்டில், இன்னொரு அறையில், என் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அவளும் சொல்லியிருக்கிறாள். அவள் கையைப் பார்த்தேன். அரிசிப் பையை இன்னும் கீழே வைக்காமல் பிடித்திருந்தாள். நான் அந்தப் பையை வாங்கவில்லை, கையைத்தான் பிடித்தேன். கௌசிகா இரண்டு இனிப்பை எடுத்துக்கொண்டு வந்து, இரண்டும் வேண்டும் என்றாள். எடு என்றேன்.